இலை பார்த்தாச்சா?

எங்கள் தேரிமங்கலத்தில் சாப்பிட்டு முடித்த இலை தானாக மடங்கும். வெளியூரிலிருந்து வருகிறவன் வாயைப் பிளப்பான், எங்கள் ஆட்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு கை கழுவப் போவார்கள், ஏனென்றால் கோடையில் ஆறு வற்றுகிறது, ஐப்பசியில் நிறைகிறது, அதைப் போல இதுவும் ஒன்று, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது. மடங்குகிற இலை என் தோப்பு இலை. ஆவுடைத்தங்கம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, இலைக்காரத் தங்கம் என்று கேட்டால் பஸ் நிலையத்து நாய்கூட வழி காட்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே அண்ணன், பலவேசம். என் மகள் தவழ்கிற காலத்தில் என்னைத் தலைமுழுகியவன். அவன் அவளுடைய கல்யாணத்தில் என் இலை முன்னால் உட்கார்ந்ததைத்தான் சொல்ல வந்தேன், அவன் எனக்குத் திரும்பக் கிடைப்பானா மாட்டானா என்று ஊரே எட்டிப் பார்த்த அந்தப் பந்தியைத்தான். ஆனால் கொப்பரையைச் சொல்லாமல் இலையைச் சொல்ல முடியாது, இலையைச் சொல்லாமல் அண்ணனைச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தால் இலையை நம்மைப் பார்த்து மடிக்க வேண்டும், இந்த உறவு நம்மோடு வரட்டும் என்று. சாவு வீட்டுப் பந்தியில் நம்மைவிட்டு அப்புறமாகத் தள்ளி மடிக்க வேண்டும், இது இதோடு போகட்டும் என்று. பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கை பழகிப்போய் மாற்றி மடித்தவனைப் பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடிப்பான், அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பி மடிப்பான், அதோடு முடிந்தது.

கொப்பரை கனகசபாபதி அண்ணாச்சியுடையது. அவர் கல்யாண மண்டபத்தின் எச்சில் இலையெல்லாம் ஆற்றங்கரையில் குவிந்து கிடந்தது, மாடு மேய, நாய் இழுக்க, பக்கத்துத் தெரு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு மண்டபத்து வாசலில் வந்து கத்த, அண்ணாச்சி பொறுக்க முடியாமல் மண்டபத்துக்குப் பின்னால் குழி தோண்டி, வட்டமாகச் செங்கல் கட்டி, மேலே கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு கூரை பூசி, வாயு எடுக்கும் கொப்பரை ஒன்றைக் கட்டினார். அதற்கு ஒரு பக்கம் வாய், மறுபக்கம் வால். நறுக்கிய இலையும் மிஞ்சின சோறும் காய்த் தோலும் தண்ணீரும் வாய் வழியாகப் போகும். முதல் தடவை மட்டும் சாணியைக் கரைத்து ஊற்றினோம், பிறகு அது தன்னால் பிடித்துக்கொண்டது. உள்ளே காற்று கிடையாது, வெளிச்சம் கிடையாது. எல்லாம் ஒன்றோடொன்று கிடந்து தன் சூட்டிலேயே அழுகும். மேலே எழும்புகிற வாயு குழாய் வழியாக மண்டபத்து அடுப்புக்குப் போய் நீலமாக எரியும், மிச்சம் வால் வழியாகக் கறுப்பாக வழியும். கறுப்புக் கஞ்சி என்று நாங்கள் பெயர் வைத்தோம். நாற்றம் இருக்காது. மழை பெய்த மண்ணை முகர்ந்தது மாதிரி இருக்கும்.

“அண்ணாச்சி, நெருப்பு உங்களுக்கு, கஞ்சி எனக்கு” என்றேன்.

“கஞ்சிக்கு என்ன தருவ?”

“உங்க வாசல்ல நாத்தம் போகுதே, அதுக்கு நீங்க என்ன தருவீய?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவனோடு பேரம் முடிந்தது என்று அர்த்தம். அன்றிலிருந்து என் தோப்பு இலை பந்திக்குப் போனது, பந்தி இலை கொப்பரைக்குப் போனது, கொப்பரைக் கஞ்சி என் தோப்பு வாழைத் தூருக்குப் போனது, அந்தத் தூரில் விரிந்த இலை மறுபடி பந்திக்கு வந்தது. ஒரு துளிகூட வெளியே சிந்தாத சுற்று. வெளியே போக வழியில்லாத ஒன்று அப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை, யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடக்கும், ஆனால் கொப்பரைக்கு வயிறு காயக் கூடாது. உள்ளே இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குத் தினமும் தீனி வேண்டும், இல்லாவிட்டால் அவை செத்துப்போய்க் கொப்பரை வெறும் சாக்கடைக் குழியாகிவிடும். கல்யாணத்துக்குத்தான் ஆடியும் மார்கழியும் ஆகாது, சாவு மாதம் பார்க்காது. என் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டுப் பதினாறாம் நாள் வீடுகளுக்கெல்லாம் போய் எச்சில் இலையை வாரிக்கொண்டு வந்தேன். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று கும்பிட்டுக் கொடுத்தார்கள்.

மண்டபத்துத் தலைமைச் சமையல்காரர் இசக்கியப்பன், எங்கள் பேச்சில் தவசுப்பிள்ளை, கொப்பரை வாயருகில் வந்து நின்றார்.

“எக்கா, இது எந்த வீட்டு இலை?”

“கீழத்தெருச் சங்கரவடிவு வீட்டுப் பதினாறு.”

“சாவு இலையையும் கல்யாண இலையையும் ஒரே வயித்துல போடுதியளே, ஆகுமா?”

“ஏன், உன் வயித்துக்குள்ள ரெண்டும் போகலையா? இங்க சமைச்சுத் தின்னுட்டு அங்கயும் போய் வடை கேக்குதவன்தானே நீ.”

இசக்கியப்பன் வயிற்றைத் தடவிக்கொண்டார். “எனக்குக் காத்துப் போக்கு இருக்குக்கா. அதுக்கு இல்லையே.”

நான் சிரித்துக்கொண்டே இலையைத் தள்ளினேன். ஆடி முடிந்து ஆவணி வந்தபோது என் தோப்பைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நனைந்த எருமைத் தோல் மாதிரிக் கறுத்த பச்சை, காற்றடித்தாலும் கிழியாத தலைவாழை இலைகள், அறுத்தால் அறுத்த இடத்தில் பால் மாதிரி இல்லாமல் வேர்வை மாதிரி நீர் கசியும் இலைகள்.

ஆவணியின் முதல் கல்யாணத்தில், முதல் பந்தி மோர் குடித்து முடித்ததும், கை எடுக்குமுன்பே இலைகள் மடங்கின. அந்தப் பக்கத்து விளிம்பு மெதுவாக எழும்பி, தூங்குகிறவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வது மாதிரி, சாப்பிட்டவர் பக்கமாகக் கவிழ்ந்து படிந்தது. மின்விசிறிக் காற்று என்றார்கள். இரண்டாம் பந்தியில் விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மடங்கியது. இலை எடுக்கிற மாடத்திக்கு ஒரே சந்தோஷம். “ஒவ்வொருத்தனும் இலையைப் பப்பரப்பான்னு போட்டுட்டுப் போவான், இப்பவாவது புத்தி வந்துச்சே, ஆளுக்கு இல்லன்னாலும் இலைக்கு” என்று வாளியோடு வந்து வாரிக்கொண்டு போனாள். மூன்றாம் பந்தியில் ஒரே ஒரு இலை, பெண்ணுக்குச் சித்தப்பா முறையான நல்லபெருமாள் முன்னால் இருந்த இலை, அவர் வயிற்றுப் பக்கத்து விளிம்பைத் தூக்கி அப்புறமாக விழுந்தது. “என் இலைக்குக் கிறுக்கு” என்று அவர் சிரித்தார். கார்த்திகை வருமுன் அவரும் பெண் வீட்டாரும் ஒரே தெருவில் நடக்காத அளவுக்கு வெட்டிக்கொண்டார்கள். எதற்கு என்று கேட்டால் இரண்டு வீட்டுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து ஒரு சடங்கு வீட்டில் தபால்காரர் சிவனணைந்தான் முன்னால் அப்படி விழுந்தது. கல்லை முழுங்கினாலும் செரிக்கிற உடம்பு அவருக்கு. அந்தத் தை முடியுமுன் அவருடைய பதினாறாம் நாளுக்கு நான்தான் இலை கொடுத்தேன். ஆக இலை நம்மைவிட்டு மடங்கினால் ஒன்று உறவு போகும், அல்லது ஆளே போவான். எது என்று இலை சொல்லாது. கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு.

நீங்கள் நினைப்பீர்கள், ஊர் பயந்து ஓடியிருக்கும் என்று. ஊர் ஏன் ஓடுகிறது? ஒரு சாமானத்தால் ஒரு வேலை ஆகும் என்று தெரிந்தால் ஊர் அதைக் கையில் எடுத்துக்கொள்ளும். முதலில் சம்பந்தம் பேசுகிறவர்கள் வந்தார்கள். ஜாதகம் பார்த்தாச்சு, இலை பார்த்தாச்சா என்று ஒரு கேள்வி முளைத்தது. மாப்பிள்ளை வீட்டாரை ஒரு நேரம் சாப்பிடக் கூப்பிட்டு, என் தோப்பு இலையை விரித்து, பரிமாறுகிற சாக்கில் நின்று பார்ப்பார்கள். பிறகு கூட்டுக்குக் கடை வைக்கிறவர்கள், கட்சி மாறி வந்தவர்கள், பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டி என்று எல்லோரும் இலை பார்த்தார்கள். தட்டில் போடு என்று சொல்கிறவன் மேல் சந்தேகம் வந்தது. “என் வீட்டு இலைக்குப் பயப்படுதியா?” என்று கேட்டுவிட்டால் எதிரில் இருப்பவன் பசியில்லாவிட்டாலும் உட்கார்ந்தாக வேண்டும்.

ஒரு நாகரிகமும் உண்டாயிற்று. தன் இலையைத் தான் பார்க்கக் கூடாது. மோர் குடித்ததும் கண்ணை உயர்த்திக் கூரையைப் பார்க்க வேண்டும். பக்கத்து இலைக்காரன் பார்ப்பான், சொல்ல வேண்டுமென்றால் சொல்லுவான், இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போவான். அப்படிப் பேசாமல் போகிறவனைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இரண்டு கோஷ்டிகளாகக் கிடந்த மேலத்தெருக்காரர்களைச் சமாதானம் பண்ணி அண்ணாச்சி மண்டபத்தில் விருந்து வைத்தபோது, நீளப் பந்தி முழுக்க எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தனை இலையும் ஒரே நேரத்தில் அப்புறமாக மடங்கின. தூக்கத்தில் ஒரு பெரிய உடம்பு புரண்டு படுத்தது மாதிரி ஒரு சத்தம். கை கழுவினார்கள், வெற்றிலை போட்டார்கள், ஒருவருக்கொருவர் கும்பிட்டுக்கொண்டார்கள், வீட்டுக்குப் போய் அரிவாளைத் தீட்டினார்கள்.

சாவு வீட்டில்தான் தலைகீழாக இருந்தது. அங்கே இலை நம்மைப் பார்த்து மடங்கினால் ஆகாது. இது இதோடு போகவில்லை, கூட வருகிறது என்று அர்த்தம். சங்கரவடிவு தன் புருஷன் வருஷத் திவசத்துச் சாப்பாட்டில் என் இலையைப் போட்டாள், இலை அவள் மடியைப் பார்த்து மடங்கியது. அதற்குப் பிறகு அவள் காலையில் இரண்டு தம்ளரில் காப்பி ஊற்ற ஆரம்பித்தாள். எப்படி இருக்கு என்று விசாரித்தேன்.

“என்னத்தச் சொல்ல, தங்கம்? இருந்தப்பவும் காலைக் கழுவாமத்தான் உள்ள வருவாரு, இப்பவும் அதே லெச்சணம். முத்தம் பூரா ஈரம்.”

எட்டிப் பார்த்தேன். மழை பெய்யாத நாள். முற்றம் ஈரமாக இருந்தது. இரண்டாவது தம்ளரில் காப்பி பாதிதான் இருந்தது. நான் பேச்சை மாற்றி இலைக் கட்டு வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கொப்பரையின் கூரையில் காதை வைத்தால் பந்தி நடக்கிற சத்தம் கேட்கும். ரசத்தை உறிஞ்சுகிற சத்தம், அப்பளம் நொறுங்குகிற சத்தம், போதும் போதும் என்று யாரோ கையை மறித்துச் சொல்கிற சத்தம். கொப்பரை கட்டிக்கொடுத்த பொறியாளர் வந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு வாயுக் குமிழி என்றார். நாங்கள் மறுக்கவில்லை. வாயுக் குமிழிதான், ஆனால் அப்பளம் கேட்கிற குமிழி.

கொப்பரையைக் காலி பண்ணிவிட வேண்டும் என்று ஒரு தடவை ஊர்க் கூட்டம் போட்டார்கள். பெரிய மனிதர்கள் எல்லோரும் பேசி முடிக்கும் மட்டும் பொறுத்திருந்தேன், எனக்குப் பொறுமை வருவதே பெரிய விஷயம்.

“காலி பண்ணுங்க. யாரு வேண்டாம்னா? உள்ள இருக்கதை எங்க ஊத்துவீய?”

“ஆத்துல விட்டுறலாம்” என்றார் ஒருத்தர்.

“ஆத்துத் தண்ணியத்தான நீங்க குடிக்கிய?”

“செம்மண் தேரிக்காட்டுல ஊத்தலாம்.”

“அங்க என்ன முளைக்கும்னு நீங்க சொல்லுங்க, நான் நாளைக்கே ஊத்துதேன்.”

இலையிலாவது என்ன வருகிறது என்று தெரிகிறது, முள்ளிலும் பனையிலும் ஏறிவிட்டால் யாருக்குத் தெரியும்? கூட்டம் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தது. கொப்பரை இருந்த இடத்தில் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் என் மகள் வடிவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் இலை பார்த்தார்கள், நானும் பார்த்தேன், எல்லாம் நல்லபடியாக மடங்கியது. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள், “தாய்மாமன் மாலை போடணுமே, மாமன்காரர் வருவாரா?” நான் வருவார் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்காவிட்டாலும் நான் போயிருப்பேன். ஊரில் எவனோடும் முகம் கொடுக்காமல் இருந்துவிடுவேன், அவன் ஒருத்தன் இல்லாததுதான் எனக்குப் பல் விழுந்த இடம் மாதிரி, நாக்கு சும்மா சும்மா அங்கேதான் போகும்.

அவன் என்னைத் தலைமுழுகிய கதை ஊருக்கே தெரியும். என் புருஷன் மும்பைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டபோது, பிள்ளைக்குச் சோறு வேண்டுமே என்று நான் பஸ் நிலையத்தில் சாக்கை விரித்து இலை விற்க உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுப் பெண் தெருவில் குந்தி வியாபாரம் பண்ணினால் எனக்கு அவள் செத்தவள் என்று அண்ணன் படித்துறையில் ஊர் பார்க்கச் சொல்லிவிட்டு ஆற்றில் முங்கினான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கரையில் நின்றேன். “நல்லாத் தேச்சுக் குளிங்க அண்ணே, காதுக்குப் பின்னால அழுக்கு இருக்கு” என்று கத்தினேன். படித்துறை முழுக்கச் சிரித்தது. அவன் நிமிரவில்லை, அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவும் இல்லை.

அவனுக்கு உரக்கடை. என் தோப்பைப் பார்த்து ஊரே தொழுவுரத்துக்கு மாறிய பிறகு அவன் கடையில் மூட்டைகள் அசையாமல் கிடந்தன. நான் போனபோது பூரணம் மதினி கல்லாவில் இருந்தாள். அண்ணன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. எப்போது இப்படி இளைத்தான்?

“யூரியா இருக்கா மதினி?”

“கஞ்சி ஊத்துதவளுக்கு யூரியா எதுக்குன்னு கேளு” என்றது முதுகு.

“மருமகளுக்குக் கல்யாணம், மாமன் மாலை வேணும்னு சொல்லுங்க மதினி.”

“செத்தவ வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படிப் போறதுன்னு கேளு.”

“செத்தவ வந்து வாசல்ல நிக்கா, கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேளுங்க.”

மதினி பேனாவைப் போட்டாள். “நான் ஒரு எளவும் கேக்க மாட்டேன். அண்ணனும் தங்கச்சியும் நேராப் பேசித் தொலைங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் திரும்பினான். கண்ணுக்குக் கீழே கறுத்துப் பைபையாக இருந்தது. “வாரேன்” என்றான். “மாலை போடுதேன். ஆனா உன் தோப்பு இலையிலதான் சாப்பிடுவேன்.”

“வேற இலை திருச்சிப் பக்கமிருந்து இறக்குதேன் அண்ணே.”

“அப்ப நான் வரல.”

“மாலையை மட்டும் போட்டுட்டுப் போங்க, சாப்பிடாண்டாம்.”

“கை நனைக்காமப் போனா நான் வந்ததுல சேத்தியா?”

“தட்டுல வைக்கச் சொல்லுதேன்.”

“நான் என்ன சீக்காளியா?”

“சரி, என் இலைதான். முடிச்ச மறுநிமிஷம் நானே கையால மடிச்சிருதேன்.”

“ஏட்டி, ஊருக்கெல்லாம் அந்த இலையை வித்தவ நீ. ஊருக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா? நான் தலைமுழுகுனது சரியா தப்பான்னு நீயும் சொல்லாண்டாம், நானும் சொல்லாண்டாம். இலை சொல்லட்டும்.”

சந்தைப் பேரத்தில் நான் இறங்கிப் போகாத அளவுக்கெல்லாம் அன்று இறங்கினேன், அவன் ஒரு மயிரிழை நகரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் சட்டை தொங்கியதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இலை அப்புறமாக விழுந்தால் அது அவன் எனக்கு இல்லை என்று சொல்லுமா, அவனே இல்லை என்று சொல்லுமா?

கல்யாணத்தன்று அவன் வந்தான். வடிவுக்கு மாலை போட்டான். போடும்போது அவளை இடுப்பில் இருந்த பிள்ளையாகத் தேடினானோ என்னவோ, கை முதலில் கீழே போய் பிறகு மேலே வந்தது. தாலி கட்டி முடிந்து முதல் பந்தி போட்டாயிற்று. அவனை நடுவில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் எல்லாம் சாப்பிடுகிற பாவனையில் கையால் சோற்றை அளைந்துகொண்டிருந்தார்கள், உட்கார இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். பெண்ணைப் பெற்றவள் பந்தியில் நிற்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் பார்த்த பார்வையில் பேசாமல் போனார்கள்.

அவன் நிதானமாகச் சாப்பிட்டான். பருப்பு, சாம்பார், ரசம், பாயசம். மோர்ச்சோற்றை வழித்து முடித்தான், தண்ணீரைக் குடித்தான், தம்ளரை வைத்தான். ஊர் வழக்கப்படி அவன் கூரையைப் பார்க்க வேண்டும். அவன் பார்க்கவில்லை. குனிந்து தன் இலையையே பார்த்தான். நானும் பார்த்தேன். மண்டபத்தில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது, அதுவும் நின்றது.

இலையில் முதலில் நடுநரம்பு மட்டும் ஒரு தடவை விறைத்தது. பிறகு விளிம்பு எழும்பியது. அவன் வயிற்றுப் பக்கத்து விளிம்பு.

அந்த விளிம்பு ஒரு விரற்கடை உயர்ந்து, அங்கேயே நின்று ஏதோ யோசிப்பது மாதிரி நடுங்கி, மறுபடி உயர்ந்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது, பக்கத்தில் நின்ற இசக்கியப்பன் கையிலிருந்த சோற்றுச் சட்டியைப் பிடுங்கினேன், வெறுங்கையால் அள்ளி, எழும்பிய விளிம்பின் மேலேயே ஒரு கை, நடுவில் ஒரு கை என்று வைத்தேன். சூட்டில் கை வெந்தது.

“போதும்” என்றான் அண்ணன். நாக்கு அவனுக்குப் பழகிய வார்த்தையைச் சொன்னது.

“போதுமா போதாதான்னு நான் உங்ககிட்ட கேக்கலையே. சாப்பிடுங்க.”

சோற்றின் கனத்தில் விளிம்பு தாழ்ந்தது. தாழ்ந்து, படிந்து, ஒரு சாதாரண இலை மாதிரிக் கிடந்தது. சாப்பாடு முடியாத இலைக்கு மடங்க என்ன உரிமை? அதை அன்றுதான் நான் கண்டுபிடித்தேன், இத்தனை பந்திக்கு இலை விற்றவள். அண்ணன் இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவன் கை இலைக்கு மேலே காற்றில் நின்றது. எழுந்து போயிருக்கலாம். ஒரு எட்டுதான், எழுந்து நின்றால் இலை சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடும், அதற்குத்தானே அவன் வந்தான், இலை சொல்லட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன்தானே.

“தவசுப்பிள்ளை” என்றான் அண்ணன். “பருப்பு கொண்டாரும்.”

மோர் குடித்தவன் மறுபடி பருப்பில் ஆரம்பிப்பதை அந்த மண்டபம் அதற்குமுன் பார்த்ததில்லை. இசக்கியப்பன் ஒரு கேள்வி கேட்கவில்லை. பருப்பு ஊற்றினார், நெய் ஊற்றினார், அப்பளம் வைத்தார். அண்ணன் பிசைந்தான். மற்ற இலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக மடங்கின, ஆட்கள் எழுந்தார்கள், மாடத்தி வாளியோடு வந்து அவன் இலையை மட்டும் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வாரிக்கொண்டு போனாள். இரண்டாம் பந்தி உட்கார்ந்தது. அண்ணன் சாம்பாருக்கு வந்தான். மூன்றாம் பந்தி உட்கார்ந்தது. அவன் ரசத்தில் இருந்தான். வாய்க்குப் போகும் கை ஓயும்போதெல்லாம் விளிம்பு லேசாகத் தலை தூக்கும், உடனே நான் ஒரு பிடி வைப்பேன், அது படுக்கும். பேரம் என்றால் அதுதான் பேரம். அது ஒரு விரற்கடை கேட்கும், நான் ஒரு பிடி கொடுப்பேன்.

“இந்த உடம்புக்கு இவ்வளவு ஆகுமா?” என்று மதினி என் காதில் கிசுகிசுத்தாள், கண்ணீர் வழிய.

“ஆகாது” என்றேன். “எந்திரிச்சா அதுவும் ஆகாது.”

மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறும்போது என்னைத் தேடினார்கள். கையில் சட்டியோடு அங்கிருந்தே முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றைக் காற்றில் தூவிவிட்டேன், வடிவு புரிந்துகொண்டாள், தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சீரியல் விளக்கைக் கழற்றினார்கள். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கனகசபாபதி அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, மண்டபத்தைப் பூட்ட வேண்டாம் என்று காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். பின்னால் கொப்பரையிலிருந்து ஒரு பந்திச் சத்தம் வந்துகொண்டிருந்தது, போதும் போதும் என்று யாரோ சொல்ல, யாரோ வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

மதினியையும் பெண்ணுக்குத் துணையாக அனுப்பியாயிற்று, மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். நான் அவன் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், சட்டி என் மடியில். அவன் ஒரு பருக்கையை எடுத்தான், வாயில் போட்டான், வெகுநேரம் மென்றான். நெற்றியில் வேர்வை. இலை அவன் விரலுக்கும் என் விரலுக்கும் நடுவில் பச்சையாக, சில்லென்று, காத்துக்கொண்டிருந்தது.

“தங்கம்” என்றான். வடிவு தவழ்ந்த காலத்துக்குப் பிறகு இப்போதுதான் அந்தப் பேர் அவன் வாயில் வந்தது.

“சொல்லுங்க அண்ணே.”

“ரசத்துல உப்பு காணாது.”

“நாளைக்குப் போடச் சொல்லுதேன்.”

அவன் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விளிம்பு மெல்ல, மிக மெல்ல, அசைந்தது.

“இன்னும் கொஞ்சம் சோறு வையி” என்றான்.

வைத்தேன்.